15 மீட்டருக்குக் கீழே: கண்மாய்க் கரையை யார் பார்ப்பது?

ஐப்பசி பிறந்தால் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து இரண்டு வகைச் செய்திகள் வரும். கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்பது ஒன்று. கண்மாய் பெருகிவிட்டது, கரை பலவீனமாக இருக்கிறது, மணல்மூட்டை அடுக்குகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது செய்தியைப் படிக்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. 2021-ல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியதே, அதன்படி இந்தக் கரையை மழைக்கு முன்பே யாராவது சோதித்திருக்க வேண்டாமா?

அந்தச் சட்டத்தின்படி யாரும் சோதிக்க மாட்டார்கள். சோதிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இது ஏன் என்று தெரிய, முதலில் கண்மாய்க் கரை எப்படி நிற்கிறது, எப்படி உடைகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் சட்டத்துக்குப் போகலாம்.

## கண்மாயும் ஓர் அணைதான்

மண்ணை மேடாகக் குவித்து, அதன் பின்னால் தண்ணீரைத் தேக்கினால் அது மண் அணை. கண்மாய்க் கரை செய்வதும் அதைத்தான். மலையிடுக்கில் கட்டிய அணை நீளம் குறைந்து உயரமாக இருக்கும். சமவெளியில் கட்டிய கண்மாய்க் கரை தாழ்வாக, ஆனால் நீண்டு வளைந்து கிடக்கும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நாரையே ஒரே மூச்சில் பறக்க முடியாத நீளம் என்பது பொருள். ராமநாதபுரம் பெரிய கண்மாயும் அப்படித்தான். 258 கி.மீ. ஓடிவரும் வைகை நேராகக் கடலுக்குப் போகாமல் இந்தக் கண்மாயில் வந்து அடைகிறது. மிஞ்சியதுதான் ஆற்றங்கரை பக்கமாகக் கடலைத் தொடுகிறது.

கட்டுரையில் அடிக்கடி வரும் சொற்கள் நான்கு:

1. உள்வாய்: கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பரப்பு.
2. மடை: பாசனத்துக்குத் தண்ணீர் விட, கரையின் அடியில் குறுக்காக வைத்த திறப்பு.
3. கலுங்கு: கண்மாய் நிறைந்த பிறகு உபரித் தண்ணீர் தானாக வழிந்து போகக் கட்டிய தாழ்வான கட்டுச்சுவர்.
4. மறுகால்: கலுங்கில் வழிந்த தண்ணீர் அடுத்த கண்மாய்க்கோ கடலுக்கோ போகும் பாதை.

இந்த நான்கில் உயிர்நாடி கலுங்குதான். மடை பழுதானால் பயிருக்குத்தான் கஷ்டம், கலுங்கு வேலை செய்யாவிட்டால் ஊருக்கே ஆபத்து.

## மண் கரை உடையும் விதங்கள்

1. மேலே வழிவது. கலுங்கு வெளியேற்றுவதைவிட வேகமாகத் தண்ணீர் வந்து சேர்ந்தால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் கரையின் உச்சியில், எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கே வழிய ஆரம்பிக்கும். கல் அணை என்றால் மேலே வழிந்தாலும் பல மணி நேரம் தாங்கலாம். மண் தாங்காது. வழிகிற தண்ணீர் வெளிச்சரிவை அரித்துக் குடைந்து, சில மணி நேரத்தில் கரையையே அறுத்துவிடும். மாட்டுவண்டியும் டிராக்டரும் ஏறி இறங்கிப் பள்ளமான இடம்தான் பெரும்பாலும் முதலில் போகும்.

2. உள்ளே அரிப்பது. இதுதான் கண்ணுக்குத் தெரியாத எதிரி. எல்லா மண் கரையும் கசியும். கசிவதாலேயே கரை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கசிகிற தண்ணீர் தெளிவாக, ஒரே அளவில் வந்தால் கரை தன் வேலையைச் செய்கிறது. கலங்கலாக வந்தாலோ, நேற்றைவிட இன்று அதிகமாக வந்தாலோ, அது கரையின் மண்ணைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. இந்த அரிப்பு வெளிப்புற அடியில் தொடங்கி, உள்வாயை நோக்கிப் பின்னோக்கிக் குடைந்து போகும். மறுமுனை தண்ணீரைத் தொட்ட கணத்தில் அது குழாயாகிவிடும். அதற்கப்புறம் நிமிடக் கணக்குதான்.

இது தொடங்க மிகவும் தோதான இடம் மடை. கல்கட்டோ சிமெண்ட் குழாயோ இருக்கிற இடத்தில் அதை ஒட்டிய மண்ணை நன்றாக இடித்து இறுக்க முடியாது. கட்டுமானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே நூலிழை இடைவெளி இருந்தாலே தண்ணீருக்குப் போதும்.

3. சரிவது. கரை செங்குத்தாக இருந்தாலோ, நனைந்த கரையின் உள்பக்கத் தண்ணீர் சட்டென்று வடிந்தாலோ ஒரு பக்கம் சரியும். மற்ற இரண்டோடு பார்த்தால் இது குறைவு.

2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறிய மண் அணை உடைந்து சுமார் 20 பேர் இறந்தார்கள். அணை கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நண்டு வளைகள்தான் காரணம் என்று மாநில அமைச்சர் ஒருவர் சொன்னார். நண்டும் எலியும் கரையில் வளை போடுவது உண்மைதான், ஆண்டாண்டுக் காலமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. வளை இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் இருந்தாரா, சொன்னதைக் கேட்க ஆள் இருந்தாரா என்பதுதான் அங்கே விடை வேண்டிய கேள்வி.

## இந்தக் கடற்கரையின் மண்

மேலே சொன்னது எல்லா ஊருக்கும் பொது. ராமநாதபுரம் கடலோரத்துக்கு மட்டும் உரிய சிக்கல்கள் சில உண்டு.

முதலாவது, கரை காய்வது. வருடத்தில் பெரும்பகுதி கண்மாய் வறண்டு கிடக்கும். கரிசல் கலந்த கரை வெயிலில் வெடித்து, கை நுழைகிற அளவுக்குப் பிளவு விடும். பிறகு வடகிழக்குப் பருவமழையில் சில நாட்களில் கண்மாய் நிரம்பும். களிமண் நனைந்து உப்பிப் பிளவை மூடுவதற்குள் தண்ணீர் அதில் இறங்கிவிட்டால் அரிப்புக்கு வழி தயார். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் அணையைவிட, காய்ந்து காய்ந்து நிரம்பும் கண்மாய்க்கு இந்த ஆபத்து கூடுதல்.

இரண்டாவது, களர். உவர் மண், களர் மண் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வது வழக்கம். ஆனால் கரைக்கு இரண்டும் ஒன்றல்ல. உவரில் கரையும் உப்புகள் அதிகம். களரில் களிமண் துகளோடு ஒட்டிய சோடியம் அதிகம். சோடியம் ஏறிய களிமண்ணில் நல்ல தண்ணீர் பட்டால், துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகிப் பால்போலக் கரைந்துவிடும். ஓட்டமே தேவையில்லை, நின்ற தண்ணீரிலேயே கரையும். இப்படிப்பட்ட மண்ணில் கட்டிய கரையில் மயிரிழைப் பிளவு விழுந்தாலும் அது வளையாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் போக வேண்டியதில்லை. கரை மண்ணில் பட்டாணி அளவுக் கட்டி ஒன்றை எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் பிடித்து, கட்டியை மெதுவாக உள்ளே விட வேண்டும். கலக்கக் கூடாது, டம்ளரை ஆட்டவும் கூடாது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், கட்டி சரிந்து குவியலாகி மேலே தண்ணீர் தெளிவாக இருக்கலாம். அல்லது கட்டியைச் சுற்றி அடியில் புகைபோல ஒரு கலங்கல் பரவி, கொஞ்சம் கொஞ்சமாக டம்ளர் முழுக்க ஏறலாம். இரண்டாவது வகை என்றால் அந்த மண் கரைக்கு உதவாது. வேறு மண் போட வேண்டும், இல்லாவிட்டால் ஜிப்சமோ சுண்ணாம்போ கலந்து இறுக்க வேண்டும். போர் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாந்துபோவோம். அந்தத் தண்ணீரில் உள்ள உப்பே துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கண்மாயை நிரப்பப் போவது மழைத்தண்ணீர். சோதனையும் அதில்தான் செய்ய வேண்டும். தெளிவாக இருந்தால் மட்டும் முழு நிம்மதி கொள்ள முடியாது. ஆனால் கலங்கினால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது, சீமைக் கருவேலம். வேர் உயிரோடு இருக்கிறவரை மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மரத்தைச் சாகடித்துவிட்டு வேரை உள்ளேயே விட்டால், அது மக்கி ஓட்டையாகும். அதைவிடப் பெரிய கெடுதல், முள் மண்டிய கரையில் யாரும் நடக்க முடியாது. நடக்காத கரையில் வளையும் தெரியாது, கசிவும் தெரியாது.

## கலுங்குக் கணக்கு

மழைக்காலத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கலுங்கு. 'இவ்வளவு தண்ணீரும் கடலுக்கு வீணாகப் போகிறதே' என்று கலுங்கின் மேல் மணல்மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்துவது பல ஊர்களில் நடக்கிறது. வறண்ட மாவட்டத்தில் அந்த ஆசையைக் குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காகச் சொல்கிற எண்கள்தான் இவை. நீர்ப்பிடிப்புப் பரப்பு 10 சதுர கி.மீ.; கலுங்கின் நீளம் 20 மீட்டர்; கண்மாய் ஏற்கெனவே நிறைந்து நிற்கிறது.

1. அந்தப் பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 10 லட்சம் கனமீட்டர். அதில் பாதி கண்மாய்க்கு வந்தால் 5 லட்சம்.
2. கலுங்கின் மேல் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் வினாடிக்குச் சுமார் 12 கனமீட்டர் வெளியேறும்.
3. அந்த வேகத்தில் 5 லட்சம் கனமீட்டர் வடிய ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும்.
4. கலுங்கின் பாதி நீளத்தை மூட்டையால் அடைத்தால் அதே தண்ணீர் வடிய 23 மணி நேரத்துக்கு மேல்.

இனி மழைக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையே சுமார் 830 மி.மீ.தான். 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 செ.மீ. கொட்டியது. வருட மழையில் பாதி, அதுவும் சில மணி நேரத்துக்குள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினம் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழையைப் பார்த்தது. அந்த மாவட்டத்தில் பல குளங்களின் கரைகள் உடைந்தன. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரம் மூழ்கியது. பழைய கலுங்குகளைக் கட்டியவர்கள் அந்த ஊரின் மழையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத்தான் அளவு வைத்தார்கள். அவர்கள் பார்க்காத மழை இப்போது வருகிறது. கலுங்கை அகலப்படுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் அதை அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, கண்மாய்கள் சங்கிலி. மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. மேலே ஒன்று உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் கீழே உள்ளதன் மேல் விழும். கடலோரத்தில் இருக்கும் கடைசிக் கண்மாய், மேலே நடந்த எல்லாத் தவறுகளுக்கும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. அதன் மறுகாலோ உப்பளம், இறால் பண்ணை, வீட்டுமனை என்று குறுகி, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு நிற்கும். வெளியே போக வழியில்லாத தண்ணீர் கரையின் வெளிப்புற அடியிலேயே தேங்கி, கரையை இருபக்கமும் ஊறவைக்கும்.

## சட்டம் எதை அணை என்கிறது

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30-ல் நடைமுறைக்கு வந்தது. தேசிய அளவில் ஒரு குழு, ஓர் ஆணையம். மாநில அளவில் ஒரு குழு, ஓர் அமைப்பு. அணையின் உரிமையாளர் மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும், பாதுகாப்புப் பிரிவு வைக்க வேண்டும், அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும். சட்டப்படி இட்ட உத்தரவுக்குக் காரணமின்றிக் கீழ்ப்படிய மறுத்து, அதனால் உயிரிழப்பு ஏற்பட்டால் 2 ஆண்டு வரை சிறை. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் இவையெல்லாம் 'குறிப்பிட்ட அணை'களுக்கு மட்டும். அதற்கான வரையறை இது:

1. அடித்தளத்தின் மிகத் தாழ்ந்த பகுதியிலிருந்து உச்சிவரை 15 மீட்டருக்கு மேல் உயரம் இருக்க வேண்டும், அல்லது
2. 10 முதல் 15 மீட்டர் உயரம் இருந்து, அதோடு 500 மீட்டருக்குக் குறையாத நீளம், 10 லட்சம் கனமீட்டருக்குக் குறையாத கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும்.

நீளத்திலும் கொள்ளளவிலும் நம் பெரிய கண்மாய்கள் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆனால் முதல் வாசலான உயரத்திலேயே நின்றுவிடுகின்றன. சமவெளிக் கண்மாயின் கரை 10 மீட்டர் உயரத்துக்கு எழும்புவதில்லை. வைகை அணை இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. அதன் தண்ணீர் கடைசியில் வந்து நிற்கும் கண்மாய் வரவில்லை.

உயரத்தை வைத்து அளப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. உயர அணை உடைந்தால் அலையின் வேகமும் அதிகம். நாட்டிலுள்ள லட்சக்கணக்கான குளங்களையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தால் எந்த அமைப்பாலும் சமாளிக்க முடியாது. ஆனால் கரையின் அடியில் வயல் மட்டும் இருக்கிறதா, குடியிருப்பு இருக்கிறதா என்ற கேள்வியை இந்த அளவுகோல் கேட்பதே இல்லை. 4 மீட்டர் கரைக்குக் கீழே ஒரு காலனியோ பள்ளிக்கூடமோ இருந்தால் அந்த 4 மீட்டர் போதும். என்னைக் கேட்டால், சிறிய கரைகளை அவற்றுக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்து வரிசைப்படுத்துவதுதான் மாநில அரசு முதலில் செய்ய வேண்டிய வேலை.

## அப்படியானால் யார் பொறுப்பு?

இங்கேதான் நூல் சிக்குகிறது.

ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத்துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். கவனித்துப் பார்த்தால், இந்தப் பிரிவினையும் பாசன நிலத்தின் அளவை வைத்துத்தான்; ஆபத்தின் அளவை வைத்து அல்ல. ஆக்கிரமிப்பை அளந்து காட்ட வருவாய்த்துறை வேண்டும். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற கண்மாய்கள் பறவைகள் சரணாலயங்களும்கூட என்பதால் அங்கே வனத்துறையும் சேர்ந்துகொள்கிறது. இந்த நான்கும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் உள்ளவை. பறவைகள் கூடு கட்டுவது பெரும்பாலும் உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களில். கரையைக் கெடுப்பது கரைமேல் முளைத்த புதர். கண்மாயை வைத்திருக்கும் துறையும் வனத்துறையும் சேர்ந்து கரையில் ஒருமுறை நடந்தாலே எது இருக்கலாம், எது போகலாம் என்று பிரித்துவிடலாம்.

முன்பு இது இப்படிச் சிதறிக் கிடக்கவில்லை. ராமநாதபுரம் சமஸ்தானத்தில் இருந்த கண்மாய்கள் 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசிடம் வந்தன. இன்றும் அலுவலகக் கோப்பில் 'எக்ஸ் ஜமீன் கண்மாய்' என்றுதான் எழுதுவார்கள். கரையைப் பேணியது குடிமராமத்து, அதாவது ஊர்க்காரர்களே சேர்ந்து செய்த பராமரிப்பு. மடையைத் திறந்து மூடியதும் கரையில் தினமும் நடந்ததும் நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளர். அவருக்கு ஊர் நெல் அளந்தது. பாசனம் சுருங்கியதும் அந்த நெல் நின்றது, அந்த நடையும் நின்றது. கரைக்கு ஆபத்து கூடியதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். நான் முதலில் வைப்பது இதைத்தான்.

2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால் தூர்வாரிய மண்ணை அப்படியே கரைமேல் கொட்டி மட்டப்படுத்திவிட்டால் கரை உயர்ந்ததுபோலத் தெரியுமே தவிர, பலம் ஏறாது. ஈரப்பதம் பார்த்து, 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் இறுக்க வேண்டும். பழைய கரையைக் கொத்திவிட்டு மேல் மண்ணைப் போடாவிட்டால் இரண்டும் ஒட்டாது. அதேபோல வண்டல் அள்ளும்போது கரையை ஒட்டியே குழி தோண்டுவது, கரைக்குத் தண்ணீர் கசிந்து வரும் தூரத்தைக் குறைத்துவிடுகிறது. அதை எந்த ஊரும் அனுமதிக்கக் கூடாது.

## புரட்டாசிக்குள் பார்க்க வேண்டியவை

கிராமசபையில் இதை ஒரு தீர்மானமாகவே வைக்கலாம். ஊராட்சித் தலைவர், பாசனதாரர் சங்கத்தினர், சம்பந்தப்பட்ட துறையின் உதவிப் பொறியாளர் மூவரும் சேர்ந்து கரையின் முழு நீளமும் நடந்து, பார்த்ததை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடுத்த வருடம் அதே நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால்தான் எது புதிது என்று தெரியும்.

1. கரை உச்சியில் தாழ்ந்த இடங்கள், வண்டிப்பாதை.
2. வெடிப்பு, வளை, புதர். குறிப்பாக மடையின் இருபக்கமும்.
3. கலுங்கில் அடைப்பு, மேலே கட்டிய கூடுதல் சுவர், மூட்டை.
4. மறுகால் கடல்வரை திறந்திருக்கிறதா.
5. கரைக்குக் கீழே வீடுகள் எத்தனை, இரவில் அவர்களை எழுப்பிக் கூட்டிப்போக வழி எது, மேடான இடம் எது.

கண்மாய் நிறைந்த பிறகு வெளிப்பக்கத்தில் கலங்கலாகத் தண்ணீர் கொப்பளித்தால், பதற்றத்தில் அதன் வாயில் களிமண்ணை அடைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது தவறு. அடைத்த தண்ணீர் பக்கத்தில் வேறிடத்தில் பீறிடும். செய்ய வேண்டியது, ஊற்றைச் சுற்றி மணல்மூட்டையால் கிணற்று உறைபோல வட்டம் கட்டி, உள்ளே தண்ணீரை ஏறவிடுவது. உள்ளே ஏறும் தண்ணீரின் எடையே ஊற்றை எதிர்த்து அழுத்தும். கொப்பளிப்பு தெளிவாகிற உயரம் வந்ததும் நிறுத்தி, மேலே வழிய ஒரு வாய் விட வேண்டும். ஊற்றின் மேல் மணலும், அதன்மேல் ஜல்லியும் போட்டால் தண்ணீர் வெளியே வரும், மண் உள்ளேயே நிற்கும்.

கட்ட ஆரம்பிக்கும்போதே ஒருவர் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் பேச வேண்டும். 'கரை கசிகிறது' என்று மட்டும் சொன்னால் அங்கிருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எந்தக் கண்மாய், எந்த மடையிலிருந்து எத்தனை அடி தள்ளி, தண்ணீர் தெளிவா கலங்கலா, ஒரு மணி நேரத்துக்கு முன்பு பார்த்ததைவிடக் கூடியிருக்கிறதா, கீழே எத்தனை வீடு. கலங்கல், கூடுகிறது என்பது பதிலானால், அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்காமல் கீழே உள்ள வீடுகளை அப்போதே எழுப்பிவிட வேண்டும்.